பழைய குடும்பக் கடிதங்களை ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கும் முன்: கேள்வி பதில்

கேள்வி: தாத்தாவின் கடிதங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. தேதிவாரியாக அடுக்கிக் கொடுக்கட்டுமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அவர் எதை எதோடு சேர்த்து வைத்தாரோ அது அப்படியே இருக்கட்டும். நிலப் பத்திரத்தோடு தம்பியின் கடிதத்தைக் கட்டி வைத்திருந்தால், அந்தக் கடிதத்தில் வரும் ‘அந்த விஷயம்’ எது என்பதற்கு அந்தக் கட்டுதான் சாட்சி. பிரித்துவிட்டால் அப்புறம் யாராலும் ஊகிக்க முடியாது. தேதிவாரிப் பட்டியல் தனித் தாளில் போட்டுக்கொள்ளுங்கள். உறைகளையும் எறியாதீர்கள், தேதி போடாத கடிதத்துக்கு அஞ்சல் முத்திரைதான் தேதி சொல்லும். காப்பகக்காரர்கள் முதலில் கேட்பதே, “யாராவது இதை ஒழுங்குபடுத்தினீர்களா?” என்பதுதான்.

கேள்வி: ஓரமெல்லாம் கிழிகிறது சார். லேமினேட் செய்துவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். செல்லோடேப்பின் பசையும் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். பாலியெஸ்டர் உறையில் போட்டு வையுங்கள். பிவிசி உறை வேண்டாம்.

கேள்வி: கொள்ளுத்தாத்தா காலத்துத் தாள் நன்றாக இருக்கிறது, அதற்குப் பின் வந்தது நொறுங்குகிறதே?

பதில்: பழைய தாள் துணிக்கந்தலில் செய்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழ்த் தாள் பரவியது. அதில் சேர்த்த படிகாரம் அமிலமாகி நாரை அரிக்கிறது. செய்தித்தாள் நறுக்குகளைக் கடிதத்தோடு ஒட்ட வைக்காதீர்கள், பக்கத்துத் தாளையும் கறையாக்கும். இடையில் அமிலமற்ற தாள் ஒன்றை வையுங்கள்.

கேள்வி: கையுறை அவசியமா?

பதில்: தாளுக்குத் தேவையில்லை. கழுவி உலர்த்திய கையே நல்லது. கையுறையோடு புரட்டினால் தாள் கிழியத்தான் வாய்ப்பு. புகைப்படங்களுக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்கேன் எடுத்தாயிற்று. அசலை வைத்திருக்க வேண்டுமா?

பதில்: வேண்டும். நீர்க்குறியையும் (வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் அடையாளம்) அழித்து எழுதிய தடத்தையும் ஸ்கேன் பல சமயம் காட்டாது.

கேள்வி: சில கடிதங்களில் குடும்பச் சண்டை இருக்கிறது. கொடுக்கத் தயக்கம்.

பதில்: அதற்காகக் கிழித்துப் போடாதீர்கள். ‘இத்தனை ஆண்டுகள் யாருக்கும் காட்டக் கூடாது’ என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். பல காப்பகங்கள் ஏற்கும். கொடையா, அல்லது உரிமை உங்களிடமே இருக்கும் வைப்பா என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். இன்னொன்று: தாள் உங்களுடையதாக இருக்கலாம். ஆனால் வாசகங்களின் பதிப்புரிமை எழுதியவருக்கும், அவருக்குப் பின் அவர் வாரிசுகளுக்கும். புத்தகமாகப் போட நினைத்தால் அவர்களிடம் கேட்க வேண்டியிருக்கும்.