டீயில் போடும் இனிப்பு மாத்திரைதான் காரணமா?

கேள்வி: வயது 34, எடை 72 கிலோ. லாரி ஓட்டுகிறேன். நான்கு வருடமாகச் சர்க்கரை நோய். டீக்கு இரண்டு வீதம் தினமும் பத்து இனிப்பு மாத்திரை போடுகிறேன். ஒன்றில் 18 மில்லிகிராம் அஸ்பார்டேம் என்று டப்பாவில் இருக்கிறது. கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. விந்தணு மில்லிலிட்டருக்கு 1.1 கோடிதான் என்கிறது ரிப்போர்ட். மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 9.4. ராத்திரி கண் அசராமலிருக்கப் புகையிலை போடுவேன். மாத்திரையால்தான் இப்படி, கருப்பட்டிக்கு மாறுங்கள் என்கிறார் என் மாமியார். மாறலாமா?
- பெயர் வேண்டாம், நாமக்கல்.

பதில்: தம்பி, கருப்பட்டிக்கு மட்டும் மாறிவிடாதீர்கள். போன மாதம் ஒருவர் செய்தித்தாளில் சுற்றிய கருப்பட்டியை என் மேஜையில் வைத்து, "இது இயற்கைதானே டாக்டர்?" என்றார். ஆறு மாதமாகக் காபிக்கு அதுதான். அவருடைய எச்பிஏ1சி 7.8-லிருந்து 10-ஐத் தாண்டியிருந்தது. பனையிலிருந்து வந்தாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான்.

மாமியாரின் பயம் ஆதாரமே இல்லாதது அல்ல. சுண்டெலிகளுக்கு 90 நாள் அதிக அளவில் அஸ்பார்டேம் கொடுத்துப் பார்த்ததில் விந்தணு குறைந்திருக்கிறது, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரானும் குறைந்திருக்கிறது. ஆனால் எலிக்கு நடந்தது ஆணுக்கும் நடக்கிறது என்று இதுவரை நிரூபணமாகவில்லை. கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்பது சர்வதேச நிபுணர் குழு வைத்திருக்கும் தினசரி வரம்பு. உங்கள் எடைக்கு 2,880. நீங்கள் சாப்பிடுவது 180. வரம்புக்குள் இருந்தாலும் பத்தை நான்காகக் குறையுங்கள் என்றுதான் சொல்வேன். எடை குறைக்க இந்த இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. அந்தப் பரிந்துரை ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கானது அல்ல. ஆனாலும் நாக்கு இனிப்புக்கே பழகிக் கிடப்பது உங்களுக்கும் நல்லதல்ல. வாரம் ஒரு டீயாக இனிப்பைக் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும்.

கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த 9.4 தான். ரத்தத்தில் சர்க்கரை நாள்கணக்கில் ஏறிக் கிடந்தால் விந்தணுவுக்குள் இருக்கும் மரபணு இழைகள் சிதைகின்றன, டெஸ்டோஸ்டிரான் இறங்குகிறது. நரம்பு பாதித்தால் விந்து வெளியே வராமல் பின்னோக்கி மூத்திரப் பைக்குள் போய்விடுவதும் உண்டு. ரிப்போர்ட்டில் விந்தின் மொத்த அளவு 1.4 மில்லிக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விந்து வெளியேறிய பிறகு போகும் சிறுநீரையும் சோதிக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டே வருடங்களைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது புகையிலை. அதை இன்றே நிறுத்துங்கள். விந்தணுவைக் கெடுப்பதில் இனிப்பு மாத்திரையைவிட அதற்குத்தான் சான்று அதிகம். பிறகு சூடு. விரைகள் உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் உற்பத்தி ஒழுங்காக நடக்கும். எஞ்சின் சூட்டில் மணிக்கணக்காக உட்கார்கிறீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள், இறுக்கமான உள்ளாடை வேண்டாம். விரைப்பையில் ரத்தக் குழாய் புடைத்திருக்கிறதா என்பதையும் மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும்.

1.1 கோடி என்றதும் இடிந்து போகாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கீழ் எல்லை 1.6 கோடி. ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களிலும் நூற்றுக்கு ஐந்து பேர் அந்த எல்லைக்குக் கீழேதான் இருந்தார்கள்.

ஒரு விந்தணு உருவாக 74 நாள், முதிர்ந்து வெளியே வர இன்னும் இரண்டு வாரம், ஆக மூன்று மாதம். எச்பிஏ1சி காட்டுவதும் ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையைத்தான். லோடு ஏற்றி வடக்கே போகும்போது சர்க்கரை நோய்க்கான மாத்திரையை விடாமல் போட்டு, மூன்று மாதம் கழித்து இரண்டு பரிசோதனையையும் ஒரே நாளில் எடுங்கள். விந்துப் பரிசோதனைக்கு முன் குறைந்தது இரண்டு நாள், அதிகபட்சம் ஏழு நாள் விந்து வெளியேறாத இடைவெளி இருக்கட்டும். அதுவரை காத்திராமல் மனைவிக்கான பரிசோதனைகளை இப்போதே தொடங்குங்கள், நீங்களும் கூடப் போங்கள்.