பந்தை விட்டு நகராத பையன்

அன்புள்ள ஐயா,

விடுமுறையில் குடும்பத்தோடு பெங்களூர் போய் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். மகள் ஆறாவது, மகன் இரண்டாவது. என் அப்பாவும் வந்திருந்தார். லாரிப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவர். எல்லா மாடிகளையும் பார்த்துவிட வேண்டும் என்று திட்டம் போட்டுத்தான் போனேன். பையன் காற்றில் மிதக்கும் பந்தை விட்டு நகரவே இல்லை. கடைசியில் அழ அழ இழுத்து வந்தேன். மகள் விளக்கப் பலகைகளைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். அப்பா இன்ஜின் கூடத்திலேயே இருந்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "என்ன கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். பையன் "பந்து" என்றான். மகள் நோட்டைப் பார்த்து வாசித்தாள். இவ்வளவு செலவழித்துப் போனதில் பயன் உண்டா? மே மாதம் மனைவியின் ஊரான திருநெல்வேலிக்குப் போகிறோம். அங்கும் ஓர் அறிவியல் மையம் இருக்கிறதாம். அழைத்துப் போகலாமா? போனால் எப்படிப் பார்ப்பது?

எஸ்., கிருஷ்ணகிரி

அன்புள்ள எஸ்.,

கண்டிப்பாக அழைத்துப் போங்கள். நீங்கள் வருத்தமாக எழுதியிருந்தாலும், படித்த எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முக்கியமாக உங்கள் மகனை நினைத்து.

அந்தப் பந்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கீழிருந்து பாயும் காற்று பந்தின் எடையைத் தாங்குகிறது. அது யாருக்கும் புரியும். ஆனால் பந்து பக்கவாட்டில் விலகி ஏன் விழுவதில்லை? விரலால் தள்ளினால் ஏன் திரும்பி வருகிறது? காற்று வரும் குழாயைக் கொஞ்சம் சாய்த்தாலும் பந்து அந்தரத்தில் நிற்கும். அதற்கு நேர் கீழிருந்து காற்று பாயாது. பந்து வலப்பக்கம் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று அதன் இடப்பக்கத்தை ஒட்டிக்கொண்டு ஓடி, பந்தின் வளைவோடு தானும் வலப்பக்கம் வளைந்துவிடுகிறது. காற்றை வலப்பக்கம் வளைத்த பந்து, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, இடப்பக்கம் தள்ளப்படுகிறது. அதாவது நடுவுக்கே வந்து சேர்கிறது.

இந்த விளக்கம் இரண்டாம் வகுப்புப் பையனுக்கு வேண்டியதில்லை. ஆனால் தள்ளத் தள்ளத் திரும்பி வரும் அந்த இழுப்பு அவன் விரலுக்குத் தெரிந்துவிட்டது. பத்தாண்டு கழித்து வகுப்பில் பாய்ம இயக்கம் (காற்று, நீர் போன்றவற்றின் ஓட்டம்) பாடமாக வரும்போது, பலருக்கு அது வெறும் சூத்திரமாக இருக்கும். அவனுக்கு அந்தப் பந்து இருக்கும். உங்களுக்கும் தெரியவேண்டுமானால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு ஸ்பூனின் காம்பு நுனியை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிடுங்கள். அதன் முதுகுப்பக்கத்தை நீர்த்தாரையில் மெல்லத் தொடவையுங்கள். தண்ணீர் ஸ்பூனைத் தள்ளிவிடும் என்றுதான் எதிர்பார்ப்போம். அது உள்ளே இழுத்துக்கொள்ளும். படிப்பதோடு விட்டுவிடாமல் பையனோடு நின்று செய்யுங்கள்.

தொட்டுப் பார்த்து அறியும் அருங்காட்சியகங்களை உருவாக்கியவர்களில் நான் மிகவும் மதிப்பவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டு ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்த ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி, அவரும் இயற்பியலாளர். முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார் என்பதால் 1949இல் பல்கலைக்கழக வேலையை இழந்து, அமெரிக்காவின் கொலராடோ மலைப்பக்கம் போய் மாடு வளர்த்தார். பிறகு பகோசா ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊரின் பள்ளியில் ஆசிரியரானார். பாடம் நடத்த மாணவர்களைப் பழைய இரும்பு கிடக்கும் இடத்துக்குக் கூட்டிப் போவார். ஓட்டை வண்டிகளின் பாகங்களை வைத்து இயந்திரவியலும் வெப்பமும் மின்சாரமும் சொல்லிக் கொடுத்தார். அந்த மனிதர்தான் 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். காட்சிகள் தயாராகும் பட்டறையைப் பார்வையாளர்களின் கண்ணெதிரிலேயே வைத்தார். அங்கே செய்த காட்சிகளை மற்ற ஊர்க்காரர்களும் செய்துகொள்ளட்டும் என்று செய்முறைகளை நூல்களாகவே வெளியிட்டார்கள். அருங்காட்சியகத்தில் யாரும் ஃபெயில் ஆவதில்லை என்று அவர் சொல்வதுண்டு.

பஸ்ஸில் நீங்கள் கேட்டது தேர்வுக் கேள்வி. பிள்ளைகளும் தேர்வில் போலவே பதில் சொல்லியிருக்கிறார்கள். மகளைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் கவலை. பதினோரு வயதுப் பெண், சுற்றிலும் தொட்டுத் தள்ளிச் சுழற்றும் பொருள்கள் இருக்க, பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள் என்றால், கேள்வி வரும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அடுத்த முறை நோட்டு வேண்டாம், ஒரு அளவுகோல் கொடுத்து விடுங்கள். மேட்டில் தானாக ஏறும் இரட்டைக் கூம்பு இப்படிப்பட்ட பல கூடங்களில் இருக்கும். அடிப்பாகங்கள் ஒட்டிய இரண்டு கூம்புகள், சாய்வான இரு தண்டவாளங்கள் மேல் உருளும். பலகையைப் படிக்கும் முன், "இது எந்தப் பக்கம் உருளும், சொல்லு" என்று கேளுங்கள். அவள் ஒன்று சொல்வாள், கூம்பு வேறு பக்கம் போகும். பிறகு கூம்பின் நடு அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று இரண்டு முனையிலும் அளக்கச் சொல்லுங்கள். தண்டவாளங்கள் மேலே போகப் போக அகலுவதால், கூம்பு தன் மெலிந்த ஓரங்களில் தாங்கி நிற்க, அதன் பருத்த நடுப்பகுதி அவற்றுக்கிடையே அமிழ்கிறது. ஏறுவதுபோல் தெரியும்போதே நடு அச்சு இறங்கிக்கொண்டிருக்கிறது. அவளே அளந்து அதைக் கண்டுபிடித்தால் எழுதி வைக்கவேண்டிய அவசியமே வராது.

உங்கள் அப்பாவைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கடிதத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் அதுதான். பெங்களூர் அருங்காட்சியகக் கட்டடத்தை 1962இல் நேரு திறந்துவைத்தார். 1965இல் அது மக்கள் பார்வைக்கு வந்தது. எக்ஸ்ப்ளோரடோரியத்துக்கும் முன்பு. ஒரு பொறியாளரின் பெயரைத் தாங்கிய அந்த இடத்தில், வாழ்நாளெல்லாம் இன்ஜினைக் கழற்றி மாட்டிய ஒருவர் இன்ஜின் கூடத்தை விட்டு வர மனமில்லாமல் இருந்திருக்கிறார். பிஸ்டன் ஏன் தேயும், கியர் மாறும்போது எந்தப் பல்சக்கரம் எதோடு சேரும் என்று அவர் கைக்குத் தெரியும். பேரப்பிள்ளைகள் இருவரும் அரைமணி நேரம் அவர் பக்கத்தில் இருந்திருந்தால் எந்த வழிகாட்டியும் சொல்லாததைக் கேட்டிருப்பார்கள். வழிகாட்டி உங்களோடுதான் வந்திருந்தார். பகோசா ஸ்பிரிங்ஸில் ஓப்பன்ஹைமர் செய்ததை அவரால் செய்ய முடியும். யாராவது கேட்கவேண்டும், அவ்வளவுதான். பெரியவர்கள் கேட்டால் அவர் வெட்கப்பட்டுத் தவிர்ப்பார். பேத்தி கேட்டால் சொல்வார்.

திருநெல்வேலி மையம் கொக்கிரகுளத்தில் இருக்கிறது. 1987இல் தொடங்கியது, பெங்களூர் அருங்காட்சியகத்தின் கீழ் இயங்குவது. பெங்களூர் அளவுக்குப் பெரிதில்லை, உங்களுக்கு அதுவே நல்லது. திறந்தவெளியில் அறிவியல் பூங்கா உண்டு, மே மாத வெயிலில் அதைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்கவேண்டும் என்ற கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள். பையன் ஏதாவது ஒன்றில் நின்றுவிட்டால் நீங்களோ உங்கள் மனைவியோ அவனோடு நில்லுங்கள். விளக்கம் சொல்ல வேண்டாம், நீங்களும் தள்ளிப் பாருங்கள். மற்றவர்கள் மகளோடு போகட்டும். மதியத்துக்கு மேல் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள், அப்போது கிளம்பிவிடலாம். அருகிலேயே தங்கியிருப்பதால் மறுநாளும் போகலாம்.

அப்பாவையும் கூட்டிப் போங்கள். சம்பந்தி வீட்டில் போய்த் தங்க அவர் கூச்சப்படலாம். பேரப்பிள்ளைகளை விட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள்.