ஆஃப் ரோடு வண்டிக்கு டீசல் இன்ஜின்: கூடுதல் பணம் எத்தனை கிலோமீட்டரில் திரும்பும்?

கேள்வி: ஆஃப் ரோடு ஓட்டுவதற்காக ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி எடுக்கப் போகிறேன். பெட்ரோல், டீசல் இரண்டிலும் கிடைக்கிறது, டீசலுக்கு விலை அதிகம். அந்தக் கூடுதல் தொகையையும் 9 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடனில் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். லிட்டர் விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பெட்ரோல் 8.5 கி.மீ., டீசல் 10.6 கி.மீ. மைலேஜ் என்று போட்டிருக்கிறது. அலுவலகம் 4 கி.மீ. தூரம், மாதம் ஒரு முறை மலைப்பாதை, எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 9,000 கி.மீ. ஓடும். ஏழு வருடம் வைத்திருப்பேன். பிற்பாடு டிரெய்லர் ஒன்று வாங்கும் எண்ணமும் உண்டு. நண்பர்கள் எல்லோரும் டீசல்தான் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் ஓட்டத்துக்குப் பெட்ரோலே எடுங்கள். டீசல் நல்ல இன்ஜின்தான், காட்டுப் பாதையில் அருமையாக இழுக்கும், உங்கள் நண்பர்கள் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைக் கிலோமீட்டர்தான் திருப்பித் தர வேண்டும், உங்களிடம் அந்தக் கிலோமீட்டர் இல்லை.

இந்த மாதிரிக் கணக்கை நான் எப்போதும் லிட்டரில்தான் போடுவேன், எரிபொருள் விலை ஏறினாலும் இறங்கினாலும் எது எதைத் தின்கிறது என்பது சட்டென்று தெரியும். நீங்கள் அனுப்பிய விலை வித்தியாசத்தை ஒரு லிட்டர் பெட்ரோல் விலையால் வகுத்தால் 1,500 லிட்டர் வருகிறது. அதைக் கடனில் போட்டால் ஐந்து வருட வட்டியோடு சுமார் 1,870 லிட்டர். இது செலவு. இனி மிச்சம்: 1,000 கி.மீ. ஓட பெட்ரோலுக்கு 118 லிட்டர், டீசலுக்கு 94 லிட்டர், ஆக ஆயிரம் கிலோமீட்டருக்கு 23 லிட்டர் சொச்சம். உங்கள் 9,000 கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு 210 லிட்டர். அதில் டீசல் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியா திரவம், கூடுதல் இன்ஜின் ஆயில், டீசல் ஃபில்டர் என்று ஒரு 60 லிட்டர் காசை நான் கழித்துவிடுவேன். மிஞ்சுவது 150. ஏழு வருடத்தில் 1,050 லிட்டர். 1,870 போட்டு 1,050 எடுக்கிறீர்கள்.

ரீசேலில் டீசலுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஷோரூமில் சொல்வார்கள். சரி, கொடுத்த கூடுதல் பணத்தில் பாதி, அதாவது 750 லிட்டர், விற்கும்போது திரும்பி வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கு ஏறத்தாழ சமமாகத்தான் நிற்கிறது, 70 லிட்டர் போல உங்கள் கையை விட்டுப் போகிறது. ஏழு வருடம் கழித்து டீசல் வண்டிக்கு என்ன விதி வரும், யார் வாங்குவார்கள் என்பதை இன்றைக்கே நம்பிக் கடன் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரீசேலை நம்பாமல் கட்டுப்படியாக வேண்டுமென்றால் நீங்கள் ஆண்டுக்கு 14,000 கி.மீ. ஓட்ட வேண்டும். டீசல் விலை பெட்ரோலை விட 10 சதவீதம் ஏறிவிட்டால் அதுவே 24,000 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் போய்விடும்.

ஆஃப் ரோடு ஓட்டுகிறவர்கள் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. மலைப்பாதையில் காலை முதல் மாலை வரை இன்ஜின் ஓடும், உடம்பு வலிக்கும், அன்றைக்கு நிறைய ஓட்டிவிட்ட மாதிரி இருக்கும், மீட்டரைப் பார்த்தால் 30 கி.மீ. தாண்டியிருக்காது. அந்த 30 கிலோமீட்டரில் டீசல் மிச்சப்படுத்துவது முக்கால் லிட்டர். பாறையில் ஏறும்போது இரண்டு இன்ஜினும் மூன்று மடங்கு குடிக்கிறது என்றாலும் இரண்டு லிட்டரைச் சுற்றித்தான் வரும். டீசலின் மிச்சமெல்லாம் நெடுஞ்சாலையில்தான் சேருகிறது.

இழுவைக்காக எடுக்கிறேன் என்றால் அது வேறு பேச்சு. 2020 ஜீப் ராங்லரில் 3.0 லிட்டர் டீசல் 1,400 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) சுமார் 600 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை, கொடுத்தது, அதே வண்டியின் 3.6 லிட்டர் பெட்ரோல் சுமார் 353 தான், அதுவும் 4,800 ஆர்பிஎம்மில். ஆக்சிலரேட்டரில் காலை வைத்தும் வைக்காமலும் வண்டி பாறை மேல் நகர்ந்து ஏறும் சுகம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்ச் கியர் எதற்கு இருக்கிறது? அந்த வண்டியின் ரூபிகான் மாடலில் லோ ரேஞ்ச் 4:1, அதைப் போட்டால் சக்கரத்துக்குப் போகும் டார்க் நான்கு மடங்காகிவிடும், பெட்ரோலும் தாராளமாக ஏறும். நீங்கள் பார்க்கும் வண்டியில் அந்த விகிதம் எவ்வளவு என்று கேட்டு வையுங்கள், இன்ஜினை விட அது முக்கியம். மணல் மேடுகளில் ஆர்பிஎம் ஏற்றிச் சக்கரத்தை வேகமாகச் சுற்றவிட வேண்டியிருக்கும், முன்பக்கம் எடை குறைந்த பெட்ரோல் அங்கே இன்னும் வசதி.

டீசலுக்கு நான் மனதார மதிப்பெண் போடும் இடமும் உண்டு. ஒரே அளவு டேங்கில் அதிக தூரம் போகும். கேனில் எடுத்துப் போவதும் பயம் குறைவு, ஏனென்றால் பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவியை விடும், டீசலுக்குப் பொதுவாக 50 டிகிரிக்கு மேல் போக வேண்டும். பங்க் இல்லாத பிரதேசங்களில் நாள்கணக்கில் சுற்றுகிறவருக்கு இது பெரிய விஷயம், மாதம் ஒரு நாள் போய்த் திரும்புகிறவருக்கு அவ்வளவு இல்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் 4 கி.மீ. அலுவலகப் பயணம். இன்றைய டீசல்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி தானாக எரிந்து போக அதற்குள் 600 டிகிரி அளவுக்குச் சூடு வர வேண்டும், அதற்கு நிற்காமல் கால் மணி நேரமாவது நல்ல வேகத்தில் ஓட வேண்டும். என்னிடம் இருந்த டீசல் வண்டியை ஒரு வருடம் முழுக்க பக்கத்து வேலைகளுக்கே ஓட்டினேன். டாஷ்போர்டில் டிபிஎஃப் அடைக்கிறது என்று எச்சரிக்கும் ஆரஞ்சு விளக்கு வந்தது, இரண்டு வாரம் பொருட்படுத்தவில்லை, அப்புறம் வண்டி ஒரு வேகத்துக்கு மேல் போகவே மறுத்துவிட்டது. அப்போது வந்த பில் என் மூன்று மாத இஎம்ஐ. அதே தடவை மெக்கானிக் டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் காட்டினார்: மேலே டீசல், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், நடுவில் கோடு போட்ட மாதிரிப் பிரிந்து நின்றது. 2,000 பார் வரை அழுத்தத்தில் வேலை செய்யும் இன்ஜெக்டருக்குள் அந்தத் தண்ணீர் போயிருந்தால் செலவு எங்கேயோ போயிருக்கும். உங்கள் கணக்கில் இப்படி ஒரே ஒரு பில் விழுந்தாலும் மிச்சம் பார்க்கவே முடியாது.

ஆற்றைக் கடக்கும் ஆசை இருந்தால் இன்னொன்று. டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது, ஈரத்தால் நின்றுபோவது குறைவு, அதனால் தைரியமாக இறங்கிவிடுகிறார்கள். காற்று இழுக்கும் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் எந்த இன்ஜினும் போச்சு, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும், டீசலில் ரிப்பேர் செலவு கூடுதல். பல காப்பீட்டு பாலிசிகளில் இதற்கும் ஆஃப் ரோடு சேதத்துக்கும் பணம் வராது, விலக்குகள் பகுதியைக் கையெழுத்துப் போடும் முன் வரி வரியாகப் படியுங்கள்.

டிரெய்லர் எண்ணம் உறுதியானால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள். கனமான டிரெய்லரை வருடத்தில் பல ஆயிரம் கிலோமீட்டர் இழுக்கப் போகிறீர்கள் என்றால் பெட்ரோலின் மைலேஜ் பயங்கரமாகச் சரியும், என் பதிலும் மாறும். "பிற்பாடு" என்கிற அளவில் இருக்கும் திட்டத்துக்காக இன்றைக்கு வட்டி கட்ட வேண்டாம்.

கூடுதல் கடனை வாங்காமல் விடுங்கள். அந்த 1,500 லிட்டர் காசில் ஒரு பங்கைக் கையிலிருந்து செலவு செய்ய முடிந்தால் நல்ல ஆல் டெரெய்ன் டயர், இன்ஜின் அடியைக் காக்கும் தகடு, இழுத்து மீட்கும் கயிறு, ஒரு டயர் கம்ப்ரசர் வாங்குங்கள், மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து உங்களை வீட்டுக்குக் கொண்டுவருவது இவைதான். முன்பணம் கட்டும் முன் பெட்ரோல் வண்டியை லோ ரேஞ்சில் போட்டு ஒரு செங்குத்தான ஏற்றத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் ஓட்டியதும் சாவியை வாங்கி நீங்களும் ஒரு முறை ஏற்றிப் பாருங்கள்.