திங்கட்கிழமை மேய்ச்சல்

வணக்கம். 8 ஏக்கர் மேய்ச்சல் நிலத்தில் 12 மாடுகள் வைத்திருக்கிறேன். சுழற்சி மேய்ச்சல் பற்றிய காணொளிகளைப் பார்த்துவிட்டு, போன வருடம் மின்வேலி போட்டு நிலத்தை ஆறு பட்டிகளாகப் பிரித்தேன். திங்கட்கிழமைதோறும் மாடுகளை அடுத்த பட்டிக்கு மாற்றுகிறேன், ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. புல் கூடியதாகத் தெரியவில்லை. மண் முன்பைவிட இறுகிக் கிடக்கிறது. சாணம் வரட்டி போலக் காய்ந்து அப்படியே இருக்கிறது. மாடு மேய்ந்தால் மண் வளமாகும் என்பதெல்லாம் கட்டுக்கதைதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கட்டுக்கதை இல்லை. ஆனால் காணொளிகளில் வேலிக்குக் கிடைக்கும் பெருமை கொஞ்சம் அதிகம்தான். 2008இல் டேவிட் பிரிஸ்கியும் சில அறிவியலாளர்களும் அதுவரை நடந்த மேய்ச்சல் சோதனைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சுழற்சியால் புல் கூடுதலாக விளைந்ததாக அவற்றில் பெரும்பாலானவை காட்டவில்லை. அந்தச் சோதனைகளில் பல, தேதி பார்த்து மாட்டை மாற்றியவை, புல்லைப் பார்த்து மாற்றியவை அல்ல என்று எதிர்வாதமும் வந்தது. உங்கள் திங்கட்கிழமையைப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

1955இல் அமெரிக்காவில் கிரைடர் என்பவர் புல்லைப் பல அளவுகளில் வெட்டிவிட்டு வேரைக் கவனித்தார். பாதித் தழையை எடுத்தபோது வேர் ஏறக்குறைய வழக்கம்போல வளர்ந்தது. 80 சதவீதத்தை எடுத்தபோது வேர் வளர்ச்சி 12 நாள் அடியோடு நின்றுபோனது.

இப்போது உங்கள் ஏழு நாளுக்கு வருவோம். மழைக்காலத்தில் திங்களன்று கடிபட்ட புல் வெள்ளிக்குள் இரண்டு விரற்கடை துளிர்த்துவிடும். தூரில் சேர்த்து வைத்திருந்த சத்தைச் செலவழித்து விட்ட துளிர் அது. மாடு முற்றிய தாளை ஒதுக்கிவிட்டு அதைத்தான் தேடிப் போகும். இந்த இரண்டாவது கடிதான் புல்லைக் கெடுக்கிறது. பிரெஞ்சு விவசாயியும் ஆய்வாளருமான ஆந்த்ரே வொய்சான் 1950களிலேயே இதைச் சொன்னார்: அதிமேய்ச்சல் மாட்டின் எண்ணிக்கையால் வருவதைவிட நாள் கணக்கால் வருவது அதிகம். புல் வேகமாக வளரும்போது 18 நாள் ஓய்வு, மந்தமாகும்போது 36 நாள் என்பது அவர் பகுதியின் குளிர்ந்த ஈரநிலத்துக்கான கணக்கு. ஆறு பட்டியில் வாரம் ஒன்று என்றால் ஒவ்வொரு பட்டிக்கும் ஐந்து வாரம், அதாவது 35 நாள் ஓய்வு. உங்கள் இந்த 35 நாள், மழையில் புல் முற்றி நாராகும் அளவுக்கு நீளம். வறட்சியிலோ போதாது.

மண் இறுகியதற்கு மழைநாளைத்தான் சந்தேகிக்கிறேன். இன்றைக்கு மாற்றும் நாள் என்று நானும் ஒரு தடவை அடைமழையில் மாடுகளைப் புதுப் பட்டிக்குள் விட்டிருக்கிறேன். இரண்டே நாளில் சேறு. அடுத்த வருடம்வரை அங்கே தண்ணீர் தேங்கியது. மாடு மிதிக்காத வேலியோரத்தில், ஒரு முழ அகலத்துக்கு மட்டும், பெய்த மழை உடனே இறங்கியது. மண்வெட்டியால் இரண்டு இடத்தையும் வெட்டிப் பார்த்தேன். வேலியோர மண் பொலபொலவென உதிர்ந்தது, மண்புழுவும் இருந்தது. உள்ளே தகடு தகடாகப் பெயர்ந்தது, வேர்கள் கீழே இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் ஓடியிருந்தன. மழை நாட்களில் மாடுகளை மேடான ஒரு மூலையில் கட்டி, தீவனத்தை அங்கேயே போடுங்கள். அந்த மூலை கெட்டுப்போகும், போகட்டும்.

சாணம் வேறு கதை. குடற்புழு மருந்து கொடுத்தீர்களா? ஐவர்மெக்டின் வகை மருந்து சாணத்தோடு வெளியேறி, அதில் வளரும் சாணவண்டின் குஞ்சுப் புழுக்களைக் கொல்லும். வண்டு இல்லையென்றால் சாணத்தை மண்ணுக்குள் இழுத்துப்போக ஆளில்லை. மருந்தே கூடாது என்று சொல்லவில்லை, பரிசோதித்துத் தேவையான மாட்டுக்கு மட்டும் கொடுக்கலாம்.

சரி, என்ன செய்வது? ஒவ்வொரு பட்டியையும் தற்காலிகக் கம்பியால் மூன்றாகப் பிரித்தால் இரண்டு, மூன்று நாளில் மாடு நகர்ந்துவிடும். எந்தப் பட்டியில் புல் முழுதாக எழும்பியிருக்கிறதோ அதற்குப் போங்கள், வரிசை முக்கியமில்லை. எதிலும் எழும்பவில்லை என்றால் மாடு அதிகம் என்று பொருள், அதற்கு எந்த வேலியும் மருந்தாகாது. 8 ஏக்கர் எத்தனை மாட்டைத் தாங்கும் என்பதை வறண்ட மாதத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அப்புறம், தண்ணீர்த் தொட்டி ஒரே இடத்தில்தான் இருக்கிறதா? தின்ற சத்தில் பெரும்பகுதி சாணமும் மூத்திரமுமாக நிலத்துக்கே திரும்பிவிடும், ஆனால் மாடு நிற்கும் இடத்தில்தான் விழும். தொட்டியையும் பட்டிக்குப் பட்டி நகர்த்துங்கள், அதற்கு ஒரு நீளமான குழாய் போதும்.