ஒரு ஸ்டாரா, ஐந்து ஸ்டாரா? விலை குறைந்த கேம்பேட் பற்றி வாசகர் கேள்விகள்

கம்ப்யூட்டரில் விளையாட விலை குறைந்த கேம்பேட் (இரண்டு கையாலும் பிடித்து ஆடும் கன்ட்ரோலர்) வாங்கலாமா என்று கேட்பவர்களில் பலர், வாங்கியவர்களின் கருத்துகளைப் படித்துவிட்டுக் குழம்பிப்போய்த்தான் எழுதுகிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, சுருக்கிக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: ஒரே கேம்பேடுக்குப் பாதிப் பேர் ஐந்து ஸ்டார் கொடுக்கிறார்கள், பாதிப் பேர் ஒரு ஸ்டார் கொடுத்துத் திட்டுகிறார்கள். எதை நம்புவது?

ஸ்டாரை விட்டுவிட்டு முதலில் தேதியைப் பாருங்கள். ஐந்து ஸ்டார் கருத்துகளில் பெரும்பகுதி பெட்டியைப் பிரித்த கையோடு எழுதியவை. "பிடிக்க நன்றாக இருக்கிறது, பட்டன் மென்மையாக இருக்கிறது" என்பதெல்லாம் முதல் நாளில் எந்தக் கேம்பேடுக்கும் பொருந்தும். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து எழுதியவர் இரண்டு வரி எழுதியிருந்தாலும் அதற்கு மதிப்பு அதிகம்.

அப்புறம், திட்டுகிறவர் எதற்காகத் திட்டுகிறார் என்று பிரித்துப் பாருங்கள். "கேமில் வேலையே செய்யவில்லை, குப்பை" என்ற ரகத்தில் பாதிக்கு மேல் கருவியின் பழுது அல்ல என்பது என் கணிப்பு; அடுத்த பதிலில் அதைத்தான் சொல்லப்போகிறேன். "ஸ்டிக் (கட்டைவிரலால் அசைக்கும் சின்னக் குச்சி) தானாக ஒரு பக்கம் இழுக்கிறது", "தோள்பட்டை பட்டன் ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை பதிகிறது" என்ற புகார்கள் வேறு வகை. ஒருவரோடு ஒருவர் சம்பந்தமில்லாத ஏழெட்டுப் பேர் அதே குறையை, அதே வார்த்தைகளில் இல்லாமல், அவரவர் பாணியில் எழுதியிருந்தால் நம்பிவிடுங்கள்.

இன்னொன்று. கருத்து எழுதியவர் அதை எதில் மாட்டினார்? போனில், டிவியில், பழைய கன்சோலில் என்று இருந்தால் அவர் பாராட்டும் திட்டும் உங்களுக்கு ஆகாது. வயர் உள்ளது, வயர்லெஸ், புது மாடல், பழைய மாடல் எல்லாவற்றுக்குமான கருத்துகளை ஒரே பக்கத்தில் கொட்டி வைத்திருப்பதும் சகஜம். படத்தோடு எழுதியவர்களின் படத்தில் இருப்பது நீங்கள் வாங்கப்போகும் அதே பொருள்தானா என்று ஒரு முறை உற்றுப் பாருங்கள்.

கேள்வி: மாட்டியதும் விளக்கு எரிகிறது, விண்டோஸும் கண்டுகொள்கிறது. ஆனால் கேமுக்குள் போனால் ஒரு பட்டனும் வேலை செய்யவில்லை. திருப்பி அனுப்பிவிடவா?

பொறுங்கள். விண்டோஸில் கேம்பேட் பேசுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. பழையது டைரக்ட்இன்புட். அதில் கேம்பேட் "என்னிடம் இத்தனை பட்டன், இத்தனை அச்சு (ஸ்டிக் நகரும் திசை) இருக்கிறது" என்று மட்டும் சொல்லும். ஒன்றாம் எண் பட்டன் எது, ஏழாம் எண் எது என்பது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மாதிரி. 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் வந்தபோது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்இன்புட் என்ற புது முறையைக் கொண்டுவந்தது. இதில் ஏ, பி, எக்ஸ், ஒய், இரண்டு ஸ்டிக், துப்பாக்கி விசை போல அழுத்தும் இரண்டு ட்ரிக்கர் என்று எல்லாம் முன்கூட்டியே முடிவானது. கேம் எழுதுபவர்களுக்கு இது வசதியாகப் போய்விட்டதால், அதற்குப் பின் வந்த கேம்களில் பல எக்ஸ்இன்புட்டை மட்டுமே எதிர்பார்க்கின்றன.

விலை குறைந்த கேம்பேடுகளில் பல இரண்டையும் பேசும், ஆனால் தவறான மொழியில் விழித்துக்கொள்ளும். மாற்றுவதற்கு ஒரு வழி வைத்திருப்பார்கள். லாஜிடெக் எஃப்310-இல் பின்பக்கம் எக்ஸ், டி என்று எழுதிய சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. வேறு பலவற்றில் நடுவில் இருக்கும் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் விளக்கு எரியும் விதம் மாறும். இன்னும் சிலவற்றில் ஏதோ ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே கேபிளைச் செருக வேண்டும். எது என்பது பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளில், கண்ணுக்கே தெரியாத எழுத்தில் இருக்கும். அதைத்தான் யாரும் படிப்பதில்லை.

எந்த மொழியில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் joy.cpl என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். வரும் பட்டியலில் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற பெயர் தெரிந்தால் எக்ஸ்இன்புட்டில் இருக்கிறது. வெறும் யூஎஸ்பி கேம்பேட், ஜாய்ஸ்டிக் என்று இருந்தால் பெரும்பாலும் டைரக்ட்இன்புட்.

மாற்றவே வழி இல்லாத கேம்பேடாக இருந்தால், கேம் வாங்கி ஓட்டும் மென்பொருளான ஸ்டீம் கைகொடுக்கும். ஸ்டீமின் அமைப்புகளில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய், எந்தப் பட்டன் எது என்று ஒரு முறை சொல்லிக்கொடுத்துவிட்டால், கேமிடம் அது எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் போலவே பேசும். ஸ்டீமில் வாங்காத கேமையும் அதன் லைப்ரரியில் சேர்த்து இப்படி ஓட்டலாம், சில கேம்களில் மட்டும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. கையை எடுத்த பிறகும் கேமில் இருக்கும் ஆள் மெல்ல நடந்துகொண்டே இருக்கிறான். விலை குறைவு என்பதால்தானா?

விலைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் முழுக் காரணம் அது இல்லை. விலை உயர்ந்த கன்ட்ரோலர்களிலும் இந்த டிரிஃப்ட் (தொடாமலே ஸ்டிக் நகர்ந்ததாகப் பதிவது) வருகிறது. பெரும்பாலான ஸ்டிக்குகளுக்கு அடியில் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் உட்கார்ந்திருக்கும், ஒன்று இடம் வலத்துக்கு, மற்றொன்று மேல் கீழுக்கு. உள்ளே ஒரு கரித் தடத்தின் மேல் சின்ன உலோகத் தகடு உரசிக்கொண்டே போகும். எங்கே நிற்கிறதோ அதற்கேற்ற மின்னழுத்தம் வெளியே வரும். உரச உரசத் தடம் தேயும், தேய்ந்த துகள் அங்கேயே கிடக்கும். ஸ்டிக் பெரும்பாலான நேரம் நடுவிலும் அதைச் சுற்றியும்தான் இருக்கிறது என்பதால் தேய்மானமும் அங்கேதான் அதிகம். நடுவில் இருக்கும்போது வர வேண்டிய அளவு கொஞ்சம் பிசகினால் போதும், உங்கள் ஆள் நடக்க ஆரம்பித்துவிடுவான். நடுவுக்கு இழுத்து வரும் ஸ்பிரிங் தளர்ந்தாலும் இதே கதைதான்.

முதலில் செய்ய வேண்டியது டெட்ஸோனை ஏற்றுவது. ஸ்டிக் நடுவிலிருந்து இவ்வளவு தூரம் நகரும் வரை கண்டுகொள்ளாதே என்று கேமுக்குச் சொல்வதுதான் டெட்ஸோன். எக்ஸ்இன்புட்டில் ஸ்டிக்கின் முழு வீச்சு ஒரு பக்கத்துக்கு 32767. அதில் இடது ஸ்டிக்குக்கு 7849 வரையும் வலது ஸ்டிக்குக்கு 8689 வரையும் ஒதுக்கிவிடலாம் என்று மைக்ரோசாஃப்டே பரிந்துரைத்திருக்கிறது. அதாவது கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு! இவ்வளவு தாராளமாக ஒதுக்கும் கேமில் லேசான டிரிஃப்ட் வெளியே தெரியாது. குறைவாக ஒதுக்கும் கேமில் அதே கேம்பேட் பழுதானது போல் தோன்றும். ஒருவர் "டிரிஃப்ட்டே இல்லை" என்றும் மற்றவர் "முதல் நாளே டிரிஃப்ட்" என்றும் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம். கேமில் டெட்ஸோன் அமைப்பு இல்லையென்றால் ஸ்டீமில் இருக்கிறது.

வாரண்டி இருந்தால் திறக்காதீர்கள், மாற்றிக் கேளுங்கள். முடிந்துவிட்டது என்றால், கேபிளையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, ஸ்டிக்கின் அடிப்பகுதியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஓரிரு சொட்டு விட்டு, நாலா பக்கமும் சுழற்றி, நன்றாகக் காயவிட்டுப் பார்க்கலாம். தூசியால் வந்த டிரிஃப்ட் என்றால் போய்விடும். தேய்மானத்தால் வந்தது என்றால் சில நாளில் திரும்ப வரும்.

கேள்வி: அப்படியானால் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் என்று போட்டிருப்பதை வாங்கினால் கவலை இல்லையா?

ஸ்டிக்கைப் பொறுத்தவரை, பெரிய அளவில் இல்லை. ஸ்டிக்கின் அடியில் ஒரு காந்தம், அதன் புலம் மாறுவதை உணரும் ஒரு சென்சார். ஒன்றோடொன்று உரசுவதே இல்லை, தேய என்ன இருக்கிறது? எட்வின் ஹால் இந்த விளைவைக் கண்டுபிடித்தது 1879-இல். சேகா ட்ரீம்காஸ்ட் 1998-லேயே இதைக் கன்ட்ரோலரில் போட்டிருந்தது. இப்போது விலை குறைந்த கேம்பேடுகளிலும் வந்துவிட்டது. டிஎம்ஆர் என்று போட்டிருந்தால் அதுவும் காந்தத்தை வைத்து இயங்குவதுதான், மின்சாரம் இன்னும் குறைவாகப் பிடிக்கும்.

ஆனால் விளம்பரத்தைக் கவனமாகப் படியுங்கள். ஹால் எஃபெக்ட் ட்ரிக்கருக்கு மட்டுமா, ஸ்டிக்குக்குமா? இரண்டையும் மயக்கமாக எழுதும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். ஸ்டிக் தேயாவிட்டாலும் அதன் மேல் இருக்கும் ரப்பர், பட்டனுக்கு அடியில் இருக்கும் மெம்பிரேன் என்ற மெல்லிய படலம், கேபிள் நுழையும் முனை ஆகியவை சாதாரணப் பொருள்தான்.

கேள்வி: வயர்லெஸ் வாங்கினேன். நடு ஆட்டத்தில் ஒரு கணம் பிடிப்பு விட்டுப்போகிறது. வயர் உள்ளதையே வாங்கியிருக்க வேண்டுமோ?

டாங்கிளை (கேம்பேடோடு வரும் சின்ன யூஎஸ்பி ரிசீவரை) எங்கே செருகியிருக்கிறீர்கள்? கம்ப்யூட்டரின் பின்பக்கம், நீல நிற யூஎஸ்பி 3.0 ஓட்டையில் என்றால் முதலில் அங்கிருந்து எடுங்கள். யூஎஸ்பி 3.0 வேகமாகத் தரவு அனுப்பும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலை உண்டாக்கும். இதை இன்டெல் 2012-இலேயே ஆவணமாக வெளியிட்டிருக்கிறது. கேம்பேட் டாங்கிளும் புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் பேசுகின்றன. பக்கத்திலேயே வெளி ஹார்டு டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு சிறிய யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கி, டாங்கிளை மேஜை மேல், கேம்பேடுக்கு நேராக வையுங்கள். பெரும்பாலும் அத்தோடு சரியாகிவிடும்.

தாமதம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். விநாடிக்கு 125 முறை பேசும் கேம்பேட் 8 மில்லிவிநாடிக்கு ஒரு முறை செய்தி அனுப்புகிறது. விநாடிக்கு 60 பிரேம் (படம்) ஓடும் கேமில் ஒரு பிரேமே ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடி. ஆகவே பெட்டியில் 1000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 1000 முறை) என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். ஒரே இடத்தில் உட்கார்ந்து விளையாடுபவருக்கு, அதே விலையில் வயர் உள்ளதுதான் என் தேர்வு. பேட்டரிக்குப் போகும் பணம் ஸ்டிக்குக்குப் போகும்.

கேள்வி: புதுக் கேம்பேட், டைப்-சி சார்ஜிங். லேப்டாப் சார்ஜரில் போட்டால் சார்ஜே ஏறவில்லை. செத்துப் பிறந்ததா?

இரண்டு முனையிலும் டைப்-சி உள்ள கேபிளில் போட்டிருப்பீர்கள். அப்படிப்பட்ட சார்ஜர் மறுமுனையில் 5.1 கிலோ ஓம் மின்தடை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மின்சாரம் கொடுக்கும். விலை குறைந்த கருவிகளில் அந்தச் சின்ன மின்தடையையே மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். ஒரு முனை பழைய அகலமான யூஎஸ்பி உள்ள கேபிளில், கம்ப்யூட்டரிலேயே செருகிப் பாருங்கள். ஏறும்.

கேள்வி: ரேஸிங் கேமில் ட்ரிக்கரை மெல்ல அழுத்தினாலும் கார் முழு வேகத்தில் சீறுகிறது.

ட்ரிக்கர் இருக்கிற மாதிரி இருக்கும், உள்ளே பெரும்பாலும் வெறும் பட்டன்தான். இதற்கு மருந்து இல்லை. ரேஸிங் ஆடுபவர்கள் வாங்கும் முன்பே ட்ரிக்கர் அனலாக்கா (அழுத்தும் அளவுக்கேற்ப வேகம் மாறுமா) என்று கேட்டுவிட வேண்டும். அனலாக்தான், ஆனாலும் இப்படி என்றால் டைரக்ட்இன்புட்டிலிருந்து எக்ஸ்இன்புட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: மெனுவில் ஒரு முறை கீழே அழுத்தினால் இரண்டு வரி தாவுகிறது. பட்டன் பழுதா?

பெரும்பாலும் கேம் உங்கள் கேம்பேடை நேராகவும் ஸ்டீம் வழியாகவும் இரண்டு முறை கேட்கிறது. அந்தக் கேமுக்கு மட்டும் ஸ்டீம் இன்புட்டை (மேலே சொன்ன ஸ்டீமின் கன்ட்ரோலர் வசதியை) அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகும் தாவினால் பட்டனைச் சந்தேகிக்கலாம்.

கேள்வி: திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் என்னென்ன சோதிக்க வேண்டும்? மகனுக்கு வாங்கியிருக்கிறேன், எனக்குக் கேம் ஆடத் தெரியாது.

கேம் ஆடத் தெரிய வேண்டியதில்லை. மேலே சொன்ன அதே விண்டோஸ் பட்டியலில் கேம்பேடைத் தேர்ந்தெடுத்து அதன் பண்புகளைத் திறந்தால் ஒரு சோதனைப் பக்கம் வரும். ஸ்டிக்கை விளிம்பு வரை மெதுவாகச் சுற்றுங்கள், கூட்டல் குறி வெட்டி வெட்டிப் போகாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பட்டென்று விடுங்கள். நான்கு திசையிலிருந்தும் விட்டுப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே இடத்துக்குத் திரும்ப வேண்டும். பிறகு ஒவ்வொரு பட்டனையும் ஓரத்தில் அழுத்துங்கள். நடுவில் அழுத்தினால் பதிந்து, ஓரத்தில் அழுத்தினால் பதியாத பட்டன் சீக்கிரம் தகராறு செய்யும். திசைப் பட்டனில் மேலே மட்டும் அழுத்தும்போது பக்கவாட்டும் சேர்ந்து பதிகிறதா என்றும் பாருங்கள், விலை குறைந்தவற்றில் இது அடிக்கடி வரும் குறை.

அந்தப் பக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. எக்ஸ்இன்புட் கேம்பேடின் இரண்டு ட்ரிக்கரையும் அது ஒரே அச்சாகக் காட்டும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றையொன்று சமன்செய்து, எதுவும் அழுத்தாதது போலத் தெரியும். இதைப் பார்த்துவிட்டு "ட்ரிக்கர் பழுது" என்று ஒரு ஸ்டார் கொடுத்தவர்கள் உண்டு. தனித்தனியாக அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: ஒரே கம்ப்யூட்டரில் எத்தனை பேர் ஆடலாம்?

எக்ஸ்இன்புட்டில் நான்கு கேம்பேட் வரை. கேம் அனுமதிக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

கேள்வி: சும்மா கிடந்த பழைய கேம்பேடின் பிடி பிசுபிசுவென்று ஒட்டுகிறது.

மேலே பூசிய மென்ரப்பர் பூச்சு ஈரக்காற்றில் சிதைந்துவிட்டது. துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்தால் பூச்சு முழுவதும் வந்துவிடும், அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மிஞ்சும். அப்படியே பயன்படுத்தலாம். புதிதாக வாங்கும்போது பூச்சு இல்லாத, சொரசொரப்பான பிளாஸ்டிக் பிடியைத் தேடுங்கள்.

கேள்வி: நான் ஆடுவது பெரும்பாலும் துப்பாக்கிச் சுடும் கேம்கள், எப்போதாவது கால்பந்து. கேம்பேட் வாங்கத்தான் வேண்டுமா?

சுடுவதற்கு மவுஸை விட்டு வராதீர்கள். குறிவைப்பதில் ஸ்டிக் அதற்கு ஈடாகாது, அதனால்தான் ஸ்டிக்கில் ஆடுபவர்களுக்குப் பல கேம்கள் குறிவைக்கத் துணைசெய்கின்றன. கால்பந்துக்குக் கேம்பேட் சுகம்தான். எப்போதாவது என்றால் வயர் உள்ள, சாதாரண ஸ்டிக் உள்ள ஒன்றே உங்களுக்குப் பல வருடம் வரும்.