ஆஸ்டிராய்ட்ஸ் மெஷினின் பேனல் ஸ்டிக்கர்: உரிக்கும் முன் அளவெடுங்கள்

கேள்வி: அட்டாரி 1979-இல் வெளியிட்ட 'ஆஸ்டிராய்ட்ஸ்' ஆர்கேட் மெஷின் (காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி) ஒன்றை வாங்கிச் சீர்செய்து வருகிறேன். கேபரே என்று சொல்லப்படும் சிறிய கேபினட். பொத்தான்கள் இருக்கும் கண்ட்ரோல் பேனலில் ஒட்டிய படம் முழுக்க சிகரெட் சூடு, கீறல். ரெடிமேட் நகல் ஒன்று வாங்கினேன். அது பெரிய கேபினட்டுக்கு உரியதாம், துளைகள் பொருந்தவில்லை. நானே வரைந்து அச்சிட முடியுமா? பழையதை ஹேர் டிரையர் வைத்து உரித்துவிடலாமா?

பதில்: முடியும். ஆனால் ஹேர் டிரையரை இப்போதைக்கு உள்ளே வையுங்கள். ஒருமுறை நான் அந்த அவசரத்தில் ஒரு வினைல் ஸ்டிக்கரைச் சூடாக்கி இழுத்தேன். ஜவ்வுமிட்டாய் மாதிரி நீண்டு கையோடு வந்தது. அதைத்தான் ஸ்கேன் செய்து, அந்த நீளம்தான் சரியென்று நம்பி வரைந்தேன். அச்சாகி வந்த பிறகு பார்த்தால் ஒரு ஓரம் 4 மி.மீ. அதிகம்.

அளவு தெரிய வேண்டுமென்றால் கேட்க வேண்டியது இரும்புத் தகட்டை, ஸ்டிக்கரை அல்ல. ஆஸ்டிராய்ட்ஸில் ஜாய்ஸ்டிக் கிடையாது. விண்கலத்தை இடவலமாகத் திருப்ப இரண்டு, சுட ஒன்று, முன்னே உந்த ஒன்று, சட்டென வேறிடத்துக்குத் தாவும் ஹைப்பர்ஸ்பேஸுக்கு ஒன்று என ஐந்து பொத்தான்கள். அப்புறம் ஆட்டத்தைத் தொடங்க விளக்கு எரியும் பொத்தான்கள் இரண்டு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெயர் அச்சாகியிருப்பதால் ஒரு துளை 2 மி.மீ. நகர்ந்தாலும் கண்ணை உறுத்தும். பொத்தான்களையும் போல்ட்டுகளையும் கழற்றிவிட்டு, தகட்டின் பின்பக்கத்தில் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். துளைகள் அப்படியே பதியும். கணினியில் இடவலமாகத் திருப்பிக்கொள்ளலாம். துளைகளின் விட்டத்தை வெர்னியர் காலிபரால் தனித்தனியாக அளவெடுங்கள். அமெரிக்க மெஷின்களில் ஆட்டப் பொத்தானுக்கு 28.6 மி.மீ. துளை வழக்கம் என்றாலும் எல்லாத் துளையும் ஒன்றுபோல் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தகடு மடங்கும் இடத்தில் ஸ்கேல் ஏமாற்றும். ஒரு காகிதப் பட்டையை வளைவோடு சேர்த்து ஒட்டி, குறித்து, பிரித்து அளவெடுங்கள்.

சரி, படம். ஸ்டிக்கர் தகட்டிலேயே இருக்கும்போது ஸ்கேன் செய்யுங்கள். செல்போன் படம் ஓரங்களை வளைக்கும். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். துண்டு துண்டாக, ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏறும்படி எடுத்து இணையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு எஃகு ஸ்கேலை வைத்துக்கொள்ளுங்கள். இன்று கிடைக்கும் மெல்லிய ஸ்கேனர்களில் பெரும்பாலானவை சிஐஎஸ் வகை. கண்ணாடியைத் தொடும் பொருள்தான் அவற்றில் தெளிவாக வரும். ஸ்டிக்கர் உப்பிய இடமெல்லாம் மங்கிவிடும். பழைய, தடிமனான சிசிடி வகை ஸ்கேனர் கண்ணாடியிலிருந்து சற்று விலகியதையும் தெளிவாக எடுக்கும், யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்குங்கள்.

ஸ்கேன் செய்ததை நேரடியாக அச்சிட்டால் கீறலும் சூடும் சேர்ந்தே வரும். இலவச வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்பே போதும், கோடு கோடாக மறுபடி வரைய வேண்டும். 'தானாக வரை' என்னும் பொத்தானைத் தொடாதீர்கள். கூர்மையான மூலைகள் மழுங்கும், நேர்கோடுகள் நடுங்கும். அவற்றைத் திருத்தும் நேரத்தில் இரண்டு முறை வரைந்துவிடலாம். அந்தக் காலத்தில் இதுபோன்ற படங்களுக்கு ரூபிலித் என்னும் சிவப்புப் படலத்தைக் கத்தியால் வெட்டி, நிறத்துக்கு ஒன்றாக மூலம் தயாரித்தார்கள். கை நடுக்கம் இரண்டொரு இடத்தில் தெரியும். அதை 'அழகாக்க' வேண்டாம். பழைய மெஷின்களைப் பார்த்துப் பழகியவர்கள் அப்படி அழகாக்கிய நகலைத்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். எழுத்துகளும் அப்படித்தான். அதே பெயரில் கணினியில் இருக்கும் எழுத்துரு பெரும்பாலும் சற்று மாறியிருக்கும். எழுத்தையும் படமாகவே நினைத்து வரையுங்கள்.

நிறத்துக்கு, வெயிலும் கைகளும் பட்ட பகுதியை நம்பக் கூடாது. பொத்தானின் விளிம்பு மூடியிருந்த வளையத்தைப் பாருங்கள், அங்கேதான் அசல் நிறம் ஒளிந்திருக்கும். அச்சகங்களில் நிறம் ஒப்பிடப் பயன்படும் பான்டோன் நிற அட்டையைப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மேலே பிளாஸ்டிக் படலம் வரப்போகிறது என்றால், அட்டையின் மேலும் அந்தப் படலத் துண்டை வைத்தே பாருங்கள். நிறம் மாறித் தெரியும்.

அச்சில்தான் பலருக்குக் குழப்பம். அசல் முறை ஸ்கிரீன் பிரிண்டிங், நம் கல்யாணப் பத்திரிகை அடிப்பது போலத்தான். பாலிகார்பனேட் என்னும் உறுதியான, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளின் அடியில் அச்சிட்டால் தேய்மானம் மையைத் தொடாது. ஆனால் எல்லாம் தலைகீழ்: படம் கண்ணாடிப் பிம்பமாக, கருப்புக் கோடுகள் முதலில், நிறங்கள் அப்புறம், வெள்ளை கடைசியில். கண்ணாடி ஓவியம் வரைந்தவர்களுக்கு இது பழகிய வரிசை. கருப்புக் கோட்டுக்குள் நிறத்தை 0.3 மி.மீ. நுழைய விடுங்கள், அச்சுச் சட்டம் (வலைத்துணி கட்டிய ஃபிரேம்) கொஞ்சம் நகர்ந்தாலும் வெள்ளை இடைவெளி தெரியாது. நிறத்துக்கு ஒரு அச்சுச் சட்டம் என்பதால் ஒரே ஒரு பிரதிக்குச் செலவு கட்டுப்படியாகாது. உங்கள் மெஷினுக்கு மட்டும் என்றால், வினைலில் டிஜிட்டலாக அச்சிட்டு, மேலே சொரசொரப்பான பாலிகார்பனேட் லேமினேஷன் போடச் சொல்லுங்கள். அடர்ந்த ஆரஞ்சு கொஞ்சம் மங்கும், அதைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும். நிறையப் பிரதி அடித்து விற்கும் யோசனை வந்தால், பெயருக்கும் சின்னத்துக்கும் உரிமை இன்னொருவரிடம் இருக்கிறது என்பது நினைவிருக்கட்டும்.

கடைக்கு அனுப்பும் முன் வீட்டு பிரிண்டரில் சாதாரணத் தாளில் 100 சதவீத அளவில் எடுத்துத் தகட்டின் மேல் விரித்துப் பாருங்கள். 'பக்கத்துக்குள் பொருத்து' என்ற தேர்வு இயங்கிக்கொண்டிருந்தால் உங்கள் உழைப்பெல்லாம் சுருங்கிவிடும். துளை இருக்குமிடத்தில் வெற்று வட்டம் விடாமல் பின்னணி நிறத்தையே ஓடவிட்டு, மையத்தில் சின்னக் கூட்டல் குறி மட்டும் போடுங்கள். சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாகவும் இருக்கட்டும்.

இனி ஹேர் டிரையரை எடுக்கலாம். பழையதை உரித்து, துருவைத் தேய்த்து, பெயின்ட் அடித்த தகட்டைச் சில நாள் நன்றாகக் காயவிடுங்கள். பெயின்ட்டிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தால் ஸ்டிக்கரில் கொப்புளம் எழும். ஒட்டும் முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் தகட்டைத் துடையுங்கள். ஒட்டிய பிறகு அசிட்டோனோ நெயில் பாலிஷ் ரிமூவரோ பாலிகார்பனேட் பக்கமே வரக் கூடாது, வெடிப்பு விழும். துளைகளைப் புது பிளேடால், தகட்டின் விளிம்பையே வழிகாட்டியாக வைத்து வெட்டுங்கள்.

தவறாக வாங்கிய அந்தப் பெரிய நகலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு பழைய தகரத்தில் அதை ஒட்டி, நாலைந்து துளை வெட்டிக் கை பழகுங்கள்.