கம்ப்யூட்டர் கேள்வி – பதில்: பத்து நிமிடம் ஓடிவிட்டுப் படுத்துக்கொள்ளும் கேம்

கேள்வி: வீட்டு முன்கட்டில் தறி ஓடுகிறது. என் லேப்டாப் ஐ5-8250யூ, யூஹெச்டி 620 கிராஃபிக்ஸ், 8 ஜிபி ராம், ஃபுல் ஹெச்டி திரை. எந்த கேம் போட்டாலும் முதல் பத்து நிமிடம் சுமாராக ஓடும். அப்புறம் விட்டு விட்டு நகரும். கேம் பூஸ்டர் ஒன்றைப் போட்டும் பயனில்லை. ராம் கூட்டினால் சரியாகுமா?
– வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: கூட்டலாம். அதற்கு முன்னால் ஃபேனைப் பாருங்கள். எடுத்த எடுப்பிலேயே மெதுவென்றால் கிராஃபிக்ஸின் பலவீனம். பத்து நிமிடம் கழித்துத் திணறினால் பெரும்பாலும் சூடு: சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பூஸ்டரை அழித்துவிடுங்கள், அதுவும் ராமைத் தின்னும்.

தறி வீட்டுப் பஞ்சு ஃபேன் வழியாக உள்ளே போய், ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டு மாதிரி படிந்துவிடும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது, இன்னும் இறுகும். லேப்டாப்பை அணைத்து, அடிமூடியைக் கழற்றி, முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைப் பிடுங்குங்கள். ஃபேனின் திருகுகளைக் கழற்றித் தூக்கினால் அந்தப் பஞ்சுப் பட்டை கண்ணில் படும். இடுக்கியால் அப்படியே உரித்தெடுக்கலாம். மீதியை பிரஷ்ஷால் தட்டுங்கள். காற்று அடிப்பதானால் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும். தறி ஓடும் வீட்டில் சில மாதங்களுக்கு ஒருமுறை இதைச் செய்யத்தான் வேண்டும். பிராசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

இனி ராம். தனி கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சொந்த மெமரி உண்டு. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் யூஹெச்டி 620 உங்கள் ராமில்தான் பிழைக்கிறது. உங்களிடம் இருப்பது டிடிஆர்4-2400 என்றால், ஒரே ஸ்டிக்கில் (ராம் பட்டையில்) நொடிக்கு 19.2 ஜிபி போகும். இரண்டு போட்டால் பாதை இரட்டித்து 38.4 ஜிபி. ஆகவே இங்கே அளவைவிட எண்ணிக்கை முக்கியம்: ஒரே 16 ஜிபி ஸ்டிக்கைவிட இரண்டு 8 ஜிபி மேல். கையில் காசு குறைவா, 4 ஜிபி ஒன்று சேருங்கள். புதிய 4-ம் பழைய 8-ல் 4-ம் இரட்டைப் பாதையில் ஓடும், மிச்ச 4 மட்டும் ஒற்றையில்.

கடைக்குப் போகும் முன் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போங்கள். 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற இடத்தில் 1 ஆஃப் 2 என்றிருந்தால் ஒரு இடம் காலி. மூடியைத் திறக்கும்போது கண்ணாலும் பார்த்துவிடுங்கள். லேப்டாப்புக்கான டிடிஆர்4 என்று கேட்டு வாங்குங்கள். டிடிஆர்3, டிடிஆர்5 பொருந்தாது. 3200 வேக ஸ்டிக் கிடைத்தாலும் பாதகமில்லை, 2400-க்கு இறங்கி ஓடும். ஸ்டிக்கைச் சாய்த்துச் செருகி, இரு பக்கக் கிளிப்பும் 'டிக்' என்று பிடிக்கும்வரை அழுத்துங்கள். முதல் தடவை திரை சற்று நேரம் கறுப்பாகவே இருக்கும், பதறாதீர்கள். வரவே இல்லையென்றால் பெரும்பாலும் ஸ்டிக் சரியாக உட்காரவில்லை.

கேமில் ரெசல்யூஷனை 1080-லிருந்து 720 ஆக்கினால் வரைய வேண்டிய புள்ளிகள் 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாகக் குறையும். அடுத்து நிழலைக் குறையுங்கள், அப்புறம் ஓரங்களை மழுப்பிக் காட்டும் ஆன்ட்டி அலியாஸிங்கை. இவ்வளவும் செய்தாலும் புதிய பெரிய கேம்கள் இதில் ஓடாது. ஆசைப்படாதீர்கள்.

கேள்வி: பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸ் திரையில்) கிராஃபிக்ஸ் மெமரி 128 எம்பி என்றிருக்கிறது. 512 ஆக்கினால் வேகம் கூடுமா?
– வாசகர், செவ்வாப்பேட்டை

பதில்: கூடாது. அது குறைந்தபட்ச ஒதுக்கீடுதான். தேவைப்பட்டால் விண்டோஸ் தானே கூடுதலாகத் தரும். மெமரி போதாது என்று தொடங்கவே மறுக்கும் சில கேம்களுக்கு மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

கேள்வி: ஏற்காட்டுக் குளிரில் என் லேப்டாப் சூடாவதே இல்லை. ஆனால் கரண்ட் போனதும் கேம் பாதி வேகத்துக்கு வந்துவிடுகிறது. ஏன்?
– வாசகர், ஏற்காடு

பதில்: சேலத்துச் சித்திரை வெயிலில் இருப்பவர்கள் உங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். உங்கள் சிக்கல் சூடு இல்லை, மின்சாரம். பேட்டரிக்கு மாறியதும் பல லேப்டாப்கள் பிராசஸருக்கும் கிராஃபிக்ஸுக்கும் சேர்த்துக் கொடுக்கும் வாட்டைக் குறைத்துவிடுகின்றன. செட்டிங்ஸில் பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் கம்பெனியே பூட்டியிருக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் சார்ஜரைப் போடுங்கள். 65 வாட் சார்ஜர் பழைய சீலிங் ஃபேன் அளவுக்குக்கூட இழுக்காது. அதுவும் இல்லையா, கேமில் எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) 30-க்குக் கட்டிவிடுங்கள். 50-க்கும் 25-க்கும் குதிப்பதைவிட நிலையான 30 கண்ணுக்குச் சீராகத் தெரியும், பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும்.